ஸ்லாவியத் தெய்வங்கள்: நமக்கு உண்மையில் என்ன தெரியும்?

வெயிலோன்:

ஸ்லாவியப் புராணம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு பட்டியல். இடிக்குப் பெருன், பாதாளத்துக்கு வேலெஸ், காதலுக்கு லாதா, அவள் மகன் லேல், நன்மைக்குப் பெலோபொக், தீமைக்குச் செர்னோபொக். ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு படம். இதில் பாதிப் பேருக்குப் பழைய சான்று எதுவும் கிடையாது. அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பழைய ஸ்லாவியர்கள், அதாவது இன்றைய ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செர்பியர் போன்றோரின் முன்னோர், தங்கள் கடவுளரைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு எழுத்து வந்ததே கிறித்தவத்தோடு சேர்ந்துதான். ஆகவே எழுதியவர்கள் எல்லாம் அந்த மதத்துக்கு வெளியே நின்றவர்கள். 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் சில வரி எழுதினார்: மின்னலைப் படைத்த ஒரே கடவுளைத் தலைவனாகக் கொள்கிறார்கள், அவனுக்கு மாடு பலியிடுகிறார்கள், ஆறுகளையும் நீர்த்தேவதைகளையும் வணங்குகிறார்கள். அதற்குப் பிறகு எழுதியவர்கள் ஜெர்மன், டேனியப் பாதிரிமாரும் கீவ் நகரத்துத் துறவிகளும்.

கீவ் துறவிகள் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த நாளாகமத்தில்தான் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. 980இல் இளவரசர் விளாதிமிர் தன் அரண்மனைக்கு வெளியே குன்றின்மேல் சிலைகள் நட்டார். மரத்தில் செய்த பெருன், வெள்ளித் தலை, தங்க மீசை. கூடவே கோர்ஸ், தாஷ்பொக், ஸ்திரிபொக், சிமார்கல், மொகோஷ். இந்த ஆறில் பெண் மொகோஷ் ஒருத்திதான். எட்டே ஆண்டில், 988இல், அதே விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றதும் பெருனைக் குதிரை வாலில் கட்டி இழுக்கச் சொன்னார். பன்னிரண்டு பேர் கழியால் அடித்துக்கொண்டே போனார்கள். நீப்பர் ஆற்றில் தள்ளிவிட்டு, கரை ஒதுங்கினால் மறுபடி தள்ளுங்கள், பாறை அருவிகளைத் தாண்டும்வரை விடாதீர்கள் என்று ஆள் போட்டார். ஞானஸ்நானம் பெறாதவர்கள் பார்த்து அழுதார்கள் என்று அந்தத் துறவியே எழுதியிருக்கிறார்.

பெரிய தெய்வங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம், அதையும் எழுதியது அவற்றைக் கவிழ்த்தவர்களின் பக்கம். வீட்டிலும் காட்டிலும் குளியல் குடிலிலும் குடியிருந்த சின்ன ஆவிகளை எந்த இளவரசராலும் ஆற்றில் தள்ள முடியவில்லை. 19, 20ஆம் நூற்றாண்டுவரை ஊர்க்காரர்கள் வாயாலேயே அவை பதிவாகியிருக்கின்றன. ஸ்லாவிய நம்பிக்கையைத் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனங்கூடல்:

வெயிலோன் அண்ணை, ஒரு விசயத்தில நான் உங்களோட ஒத்துவர மாட்டன். எழுதினவர் எதிரி எண்டாலும், கிட்ட நிண்டு பார்த்தவையின்ர வாயால கேட்டு எழுதின இடங்களும் இருக்கு. ஆர்கோனா அப்பிடி ஒரு இடம்.

நான் இருக்கிறது வட ஜேர்மனியில. இந்தக் கரையோரம் ஒரு காலத்தில ஸ்லாவிய நிலம். ரூகன் தீவின்ர வடமுனையில, கடலுக்கு மேல நிக்கிற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில ஸ்வான்டெவிட் தெய்வத்துக்கு மரக்கோயில் இருந்தது. 1168இல டென்மார்க் அரசர் முதலாம் வால்டெமாரும் பிஷப் அப்சலோனும் படையோட வந்து அதைப் பிடிச்சினம். அந்த அப்சலோனுக்குக் கீழ இருந்து வரலாறு எழுதினவர்தான் சாக்சோ கிராமட்டிகஸ்.

அவர் அறுவடைத் திருவிழாவை எழுதியிருக்கிற விதத்தைப் பாருங்கோ. முதல் நாள் பூசாரி தனியக் கோயிலுக்குள்ள போய்க் கூட்டுவார். மூச்சை அடக்கிக்கொண்டுதான் கூட்டவேணும். மூச்சு முட்டினா வாசலுக்கு ஓடிவந்து வெளியில விட்டிட்டுத் திரும்பப் போகவேணும். மனிசன்ர மூச்சு தெய்வத்தில படக்கூடாது. அடுத்த நாள் சனமெல்லாம் வாசலில நிக்க, நாலு தலைச் சிலையின்ர வலக்கையில இருக்கிற கொம்பை எடுத்துப் பார்ப்பார். போன வருசம் ஊத்தின மது குறையாமல் இருந்தா வாற வருசம் நல்ல விளைச்சல். குறைஞ்சிருந்தா இப்பவே தானியத்தைப் பார்த்துச் செலவழியுங்கோ எண்டு சொல்லுவார். பிறகு தேன் சேர்த்துச் செய்த வட்டப் பணியாரம் ஒண்டு வரும், கிட்டத்தட்ட ஆள் உயரம். அதை நடுவில வைச்சு, பின்னால நிண்டு, "நான் உங்களுக்குத் தெரியிறனோ?" எண்டு கேட்பார். தெரியுது எண்டு சனம் சொன்னா, "வாற வருசம் தெரியாமல் போகட்டும்" எண்டு வேண்டுவார். பணியாரம் இன்னும் பெருசா வரவேணும் எண்டதுதான் அந்த வேண்டுதல்.

தெய்வத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரையும் இருந்தது. பூசாரியைத் தவிர ஒருவரும் ஏற ஏலாது. இரவில லாயத்தில நிண்ட குதிரை விடிய வேர்த்து, சேறு தெறிச்சு நிக்குமாம். ராத்திரி ஸ்வான்டெவிட் அதில ஏறிப் போருக்குப் போயிட்டு வந்திருக்கிறார் எண்டு சனம் நம்பினது. போருக்கு முதல் நிலத்தில ஈட்டிகளைக் குறுக்க குத்திவைச்சு அந்தக் குதிரையை நடத்துவினம். வலக்காலை முதல் வைச்சுத் தாண்டினா நல்ல சகுனம்.

இவ்வளவையும் ஒருவர் வன்மத்தில இட்டுக்கட்டியிருக்கிறார் எண்டு என்னால நம்ப ஏலாது. கடைசியில சிலையைக் காலில வெட்டி விழுத்தி, கயிறு போட்டு இழுத்து, பின்னேரம் படையின்ர சமையலுக்கு விறகாக் கொத்தினதையும் அவரே எழுதியிருக்கிறார்.

இப்ப அங்க போனா மண் அரண்தான் மிச்சம். பாறை இடிஞ்சிடிஞ்சு கோயில் நிண்ட பக்கத்தில பெரும் பங்கு கடலுக்குள்ள போயிட்டுது. பக்கத்தில ஆல்டன்கிர்ஷன் தேவாலயச் சுவரில ஒரு கல் இருக்கு. தாடிக்காரர் ஒருவர் பெரிய கொம்பைக் கையில பிடிச்சபடி. கல்லைப் படுக்கையாத்தான் வைச்சுக் கட்டியிருக்கினம். வேணுமெண்டே சரிச்சு வைச்சது எண்டு சொல்லுறவையும் உண்டு.

கற்சிலை:

பனங்கூடல் எழுதியதை வாசித்த பிறகு வெயிலோன் ஐயாவின் கட்சி இன்னும் ஒருபக்கமாகப் படுகிறது. எழுத்து மட்டுமா சான்று? 1848இல், இன்றைய மேற்கு உக்ரைனில், ஸ்ப்ரூச் ஆற்றில் தண்ணீர் குறைந்தபோது இரண்டரை மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் தூண் ஒன்று கிடைத்தது. இப்போது கிராக்கோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாலு பக்கம், நாலு முகம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொப்பி. மூன்று அடுக்கு: மேலே தெய்வங்கள், நடுவில் கைகோத்த மனிதர்கள், அடியில் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் தாங்குகிற மீசைக்காரன். ஒரு உலகப் பார்வையே அந்தக் கல்லில் இருக்கிறது. சோவியத் தொல்லியலாளர் போரிஸ் ரிபகோவ் கொம்பு வைத்திருப்பவளை மொகோஷ் என்றும், வாளும் குதிரையும் உள்ளவனைப் பெருன் என்றும், அடியில் இருப்பவனை வேலெஸ் என்றும் அடையாளம் சொன்னார்.

ஒப்பீடு என்ற வழியும் இருக்கிறது. லித்துவேனியர்களின் பெர்கூனாஸ் இடி தேவன், ஸ்லாவியர்களின் பெருனும் இடி தேவன், இருவருக்கும் ஓக் மரம். இவானோவ், தொபோரோவ் என்ற இரு மொழியியலாளர்கள் 1974இல் இதை விரித்து எழுதினார்கள். மேலே இடி தேவன், கீழே பாம்பு வடிவ வேலெஸ். வேலெஸ் மாட்டைத் திருடுகிறான், பெருன் துரத்துகிறான், அவன் மரத்தடியிலும் கல்லடியிலும் ஒளிகிறான், இடி விழுகிறது, மழை பெய்கிறது. இதையெல்லாம் தூக்கி எறிந்தால் கையில் என்ன மிஞ்சும்?

வெயிலோன்:

கற்சிலை, ஒப்பீட்டை நான் தள்ளவில்லை. பெருனும் பெர்கூனாஸும் உறவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதை முழுதாக எந்த ஸ்லாவிய மூலத்திலும் கிடையாது. பெலாரஸ் நாட்டுப்புறக் கதையிலிருந்து ஒரு துண்டு, லித்துவேனியாவிலிருந்து ஒரு துண்டு, இந்திய வேதங்களிலிருந்து ஒரு துண்டு எடுத்து இணைத்தது. லெவ் கிளெய்ன் போன்ற தொல்லியலாளர்களே இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். கருதுகோள் என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பழைய ஸ்லாவியர்கள் இப்படித்தான் கதை சொன்னார்கள் என்று கொடுக்கக் கூடாது.

ஸ்ப்ரூச் சிலையில் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. ரிபகோவ் வைத்த பெயர்கள் அவருடைய ஊகம். அந்தக் கல்லே 19ஆம் நூற்றாண்டில் செதுக்கியது என்று உக்ரைன் ஆய்வாளர்கள் சிலர் அண்மையில் வாதிட்டார்கள். அதற்கு மறுப்பும் பலமாக வந்திருக்கிறது, வழக்கு முடியவில்லை.

பட்டியலுக்கு வருகிறேன். லாதா, லேல் இரண்டும் நாட்டுப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி ஒலிகள். 15ஆம் நூற்றாண்டில் போலந்தின் யான் த்லுகோஷ் ரோமானியக் கடவுளருக்கு ஒவ்வொன்றாக இணை தேடிப் பட்டியல் போட்டபோது அங்கே லாதா என்ற பெயரும் ஏறியது. பின்னால் வந்தவர்கள் அவளுக்குக் குடும்பமே கட்டிக் கொடுத்தார்கள். செர்னோபொக்கை 12ஆம் நூற்றாண்டில் ஹெல்மோல்ட் பாதிரியார் குறிப்பிடுகிறார், விருந்தில் கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டபடி உச்சரிக்கும் பெயராக. அவனுக்கு எதிராக நிற்கும் பெலோபொக் அங்கே இல்லை, மிகப் பிந்தி வந்தவன்.

வேலெஸ் பெயரில் சுற்றும் மரப்பலகை நூலையும் சொல்லிவிடுகிறேன், யாராவது அதை இங்கே மேற்கோள் காட்டுவதற்கு முன்னால். 1919இல் ஒரு படை அதிகாரிக்குக் கிடைத்ததாம், 1941இல் பிரஸ்ஸல்ஸில் தொலைந்ததாம். பலகையை ஆய்வாளர் எவரும் பார்த்ததில்லை. 1950களில் அச்சில் வந்தது. அதன் மொழி எந்தக் காலத்து ஸ்லாவிய இலக்கணத்துக்கும் பொருந்தாது, பொய்ச்சரக்கு என்று மொழியியலாளர்கள் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அதைப் புனித நூல் என்று விற்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தொலைந்துபோன ஒரு மதத்தின்மேல் போலியை வைத்தால் இருக்கிற கொஞ்சமும் மறைந்துபோகும்.

நீலமலை:

நான் குர்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படித்தவள். பெரிய தெய்வங்களைப் பற்றி அங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை. வீட்டு ஆவியைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். தொமவோய் என்பார்கள், பெயர் சொல்லாமல் தாத்தா என்றும் சொல்வார்கள். என் வகுப்புத் தோழி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று எதையும் கையில் வாங்க மாட்டாள். உள்ளே வா, அல்லது நான் வெளியே வருகிறேன் என்பாள். ஊருக்குக் கிளம்பும் முன் பெட்டியெல்லாம் தயாராக இருக்க, எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழுவோம். வீட்டு ஆவி, இவர்கள் போகவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக என்று அவள் பாட்டி விளக்கம் சொன்னார்.

பழைய பதிவுகளில் வீடு மாறும் சடங்கு ஒன்று இருக்கிறது. பழைய வீட்டு அடுப்பை வீட்டின் மூத்த பெண்மணி கடைசியாக ஒரு முறை மூட்டுவார். கனலைச் சட்டியில் அள்ளி வெள்ளைத் துணியால் மூடி, "வா தாத்தா, புது வீட்டுக்கு வா" என்று அழைத்தபடி தூக்கிப் போவார். புது வீட்டு வாசலில் வீட்டுக்காரர் ரொட்டியும் உப்பும் வைத்துக்கொண்டு காத்திருந்து வரவேற்பார். கனலைப் புது அடுப்பில் கொட்டிவிட்டுச் சட்டியை உடைத்துப் புதைப்பார்கள். சில இடங்களில் சட்டிக்குப் பதில் பழைய மரப்பட்டைச் செருப்பு, அதில் ஏறி உட்கார்ந்து தாத்தா வருவார். அழைக்காமல் விட்டால் பழைய வீட்டில் தனியாகக் கிடந்து அழுவாராம்.

குளியல் குடிலில் இருப்பவன் வேறு மாதிரி. பான்னிக். அவனிடம் பாசம் கிடையாது, பயம்தான். குடிலில் சாமிப்படம் மாட்ட மாட்டார்கள், உள்ளே போகும்போது கழுத்துச் சிலுவையைக் கழற்றி வைப்பார்கள். கடைசி நீராவி அவனுக்கு. குளித்து முடித்தவர்கள் கொஞ்சம் தண்ணீரும் பிர்ச் மர இலைக் கட்டும் விட்டுவிட்டு வருவார்கள். நள்ளிரவில் தனியாகக் குளிக்கப் போனவனை மூச்சடைக்க வைத்துக் கொன்றுவிடுவான் என்று நம்பினார்கள். இதை ஒரு மருத்துவராக வாசிக்கும்போது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். புகைபோக்கி இல்லாமல் கட்டிய பழைய குடில்களில் கனல் முழுதாக அடங்கும் முன் கதவை மூடினால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. போனவர் திரும்பி வர மாட்டார். தனியே போகாதே, நேரங்கெட்ட நேரத்தில் போகாதே என்ற விதி எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். பெண்கள் பிள்ளை பெற்றதும் அதே குடிலில்தான். வெதுவெதுப்பும் வெந்நீரும் அங்கேதானே கிடைக்கும். ஆனால் தாயையும் சிசுவையும் பான்னிக்கிடம் தனியே விட மாட்டார்கள், யாராவது ஒருவர் உடன் இருந்தே ஆக வேண்டும்.

சிறுவாணி:

நீலமலை அக்கா, ருசால்கா பற்றியும் சொல்லுங்களேன். நான் பார்த்த படங்களில் எல்லாம் மீன்வாலோடு கடற்கன்னியாக இருக்கிறாள். அப்படித்தானா? இரத்தக்காட்டேரியும் ஸ்லாவியர்களிடமிருந்து வந்ததா?

நீலமலை:

மீன்வால் மேற்கிலிருந்து ஒட்டியது தங்கை. ஊர்ப் பதிவுகளில் ருசால்காவுக்கு இரண்டு காலும் இருக்கிறது, அவிழ்த்த நீளக் கூந்தல், வெளிறிய முகம். ஆற்றில் மட்டும் இருப்பவள் இல்லை, ரை தானிய வயலில் நடப்பாள், பிர்ச் கிளையில் ஊஞ்சலாடுவாள். இனவரைவியலாளர் த்மித்ரி செலேனின் 1916இல் எழுதிய ஆய்வில், இவர்கள் காலம் முடியும் முன் செத்தவர்கள் என்று காட்டினார்: ஆற்றில் மூழ்கியவள், தூக்கு மாட்டிக்கொண்டவள், கல்யாணம் ஆகாமல் போனவள், ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளை. அவர்களை மண் ஏற்காது என்ற நம்பிக்கை. சாதாரணக் கல்லறையில் புதைத்தால் மழை நின்றுபோகும், பயிர் கருகும். 13ஆம் நூற்றாண்டிலேயே விளாதிமிர் நகரத்து பிஷப் செராப்பியோன், மூழ்கிச் செத்தவர்களைக் குழியிலிருந்து தோண்டி எறிகிறீர்களே என்று மக்களைக் கண்டித்துப் பிரசங்கம் செய்திருக்கிறார்.

ஈஸ்டருக்குப் பின் ஏழாவது வாரம் இவர்களுக்கு உரியது. அந்த வாரத்தில் ஆற்றில் குளிக்கக் கூடாது, காட்டுக்குத் தனியே போகக் கூடாது. முடிவில் தென் ரஷ்யாவிலும் பெலாரஸிலும் ஒரு பெண்ணுக்கோ பொம்மைக்கோ ருசால்கா வேடம் போட்டுப் பாட்டோடு ஊர் எல்லை தாண்டி வயல்வரை கொண்டுபோய் விட்டு வருவார்கள். அற்பாயுசில் போன பெண்களை ஆண்டுக்கு ஒரு தரம் ஊருக்குள் வரவிட்டு, மரியாதையாக வழியனுப்புவது. இதை வாசித்தபோது எனக்கு மனம் கனத்தது.

வெயிலோன்:

காட்டேரிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஐரோப்பா முழுக்க அந்தப் பேச்சு பரவியது செர்பியாவிலிருந்துதான். 1718க்குப் பிறகு வட செர்பியா ஆஸ்திரியர் கையில் இருந்தது. 1725இல் கிசிலியேவோ என்ற ஊரில் பேதர் பிளகோயெவிச் என்பவர் இறந்த பின் அடுத்தடுத்து ஆட்கள் சாகவும், ஊரார் அவர் குழியைத் தோண்டி, உடல் கெடவில்லை என்று கண்டு, நெஞ்சில் முளை அடித்து எரித்தார்கள். உடனிருந்த ஆஸ்திரிய அதிகாரி அதை அறிக்கையாக எழுதி அனுப்பினார். அது வியன்னா பத்திரிகையில் அச்சானது. 1732இல் மெத்வெஜா என்ற ஊரிலிருந்து இராணுவ வைத்தியர்கள் கையெழுத்திட்ட இன்னொரு அறிக்கை வந்தது. இது பல மொழிகளில் பரவியது. கடைசியில் பேரரசி மரியா தெரேசா தன் வைத்தியர் வான் ஸ்வீட்டனை விசாரிக்கச் சொல்லி, 1755இல் பிணத்தைத் தோண்டுவதற்குத் தடை போட்டார்.

அந்த ஊரார் கண்ட காட்டேரி அரண்மனைச் சீமான் இல்லை. தங்கள் தெருவில் வாழ்ந்து செத்த குடியானவர், உப்பிச் சிவந்த முகம். நோய் பரவி ஆட்கள் விழும்போது யார் முதலில் போனாரோ அவர் மேல் பழி விழுந்தது.

பனங்கூடல்:

சின்ன ஆவிகள் எண்டு பேச்சு வந்ததால ஒண்டு சொல்லுறன். ஜேர்மனியில இண்டைக்கும் ஸ்லாவிய மொழி பேசுற சனம் இருக்கினம், சோர்பியர். பௌட்சன், கொட்புஸ் பக்கம். அவையளிட்ட நண்பகல் பெண் எண்டு ஒருத்தி இருக்கிறாள். உச்சி வெயிலில வயலில நிக்கிற ஆளிட்ட அரிவாளோட வருவாள். வந்து ஆளிச்செடியைப் பற்றிக் கேள்வி கேட்பாள். விதைக்கிறது, பிடுங்கிறது, ஊறப்போடுறது, நூல் நூற்கிறது எண்டு ஒரு மணி நேரம் விடாமல் சொல்லத் தெரிஞ்சா தப்பலாம். சொல்ல ஏலாட்டித் தலை போகும். வேலை தெரிஞ்ச மனுசியை அவள் ஒண்டும் செய்ய மாட்டாள்.

கற்சிலை:

வெயிலோன் ஐயா, பெரிய தெய்வங்கள் 988இல் ஆற்றோடு போய்விட்டன என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 945இல் கீவும் பைசாந்தியமும் ஒப்பந்தம் செய்தபோது பழைய மதத்தவர் பெருன் நின்ற குன்றில் ஆயுதங்களையும் பொன்னையும் வைத்துச் சத்தியம் செய்தார்கள். கீவ் தரப்பில் இருந்த கிறித்தவர்கள், விவிலியத் தீர்க்கதரிசி எலியாவின் பெயரில் இருந்த தேவாலயத்தில் சத்தியம் செய்தார்கள். பெருனும் எலியாவும் அப்போதே எதிரெதிரே நிற்கிறார்கள். பிறகு இடி முழங்கினால் எலியாவின் தேர் ஓடுகிறது என்று குடியானவர் சொல்லத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 2, எலியா நாளில் வயலில் இறங்கினால் மின்னல் தாக்கும் என்று பயந்தார்கள். மொகோஷை மட்டும் விட்டார்களா? 16ஆம் நூற்றாண்டிலும் பாவமன்னிப்பு கேட்கும் பாதிரியார் பெண்களிடம் மொகோஷிடம் போனாயா என்று கேட்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நூல் நூற்கக் கூடாது, நூற்றால் புனித பரஸ்கேவா மேனியில் நூற்கும் கதிர் குத்தும் என்ற நம்பிக்கைக்குப் பின்னால் மொகோஷே இருக்கிறாள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மாடுகளின் தேவன் வோலொஸ் (வேலெஸின் இன்னொரு பெயர் வடிவம்), மாடுகளைக் காக்கும் புனித விளாசி ஆனார். பெயர் மாறியது, வேலை மாறவில்லை.

வெயிலோன்:

எலியாவையும் விளாசியையும் ஏற்கிறேன், பரஸ்கேவாவில் பாதி ஏற்கிறேன். ஆனால் பாருங்கள், நீங்கள் கொண்டுவந்த சான்று முழுக்கக் குடியானவர் வீட்டிலிருந்தே வருகிறது: நூற்கும் கதிர், மாட்டுக் கொட்டில், இடி விழும் வயல். விளாதிமிர் குன்றில் நட்ட மற்றவர்களில் கோர்ஸுக்கோ சிமார்கலுக்கோ இப்படி ஒரு நாள், ஒரு விலக்கு எங்காவது இருக்கிறதா? ஊருக்கு வேலை செய்த தெய்வம் ஊரில் தங்கியது. அரண்மனை நட்ட தெய்வம் அரண்மனையோடு போனது.

நீலமலை:

மாடு என்றதும் வடக்கு ரஷ்யாவின் மேய்ப்பர்கள் நினைவுக்கு வந்தார்கள். அங்கே காட்டுக்குள்தான் மேய்ச்சல், கரடியும் ஓநாயும் நிறைய. வசந்தத்தில் முதல் முறை மாட்டை ஓட்டும்போது மேய்ப்பர் மந்தையைச் சுற்றி வருவார். கையில் சாமிப்படம், மெழுகுவத்தி, முட்டை, ஒரு பூட்டு. பூட்டைப் பூட்டினால் மிருகங்களின் வாய் கட்டப்பட்டது. புனித ஜார்ஜுக்கும் தேவமாதாவுக்கும் வேண்டுதல் சொல்லுவார். அதே மேய்ப்பர் லேஷியோடும், அதாவது காட்டின் உடையவனோடும், ஒப்பந்தம் செய்வார். கோடை முழுக்க மந்தையை நீ பார்த்துக்கொள், கூலியாக ஒரு மாடு, சில இடத்தில் இரண்டு, எடுத்துக்கொள் என்று. வேண்டுதலை எழுதிய தாளை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைப்பார்.

அதோடு அவருக்கு விலக்குகள் தொடங்கும். மாடு கொட்டிலுக்குத் திரும்பும் காலம்வரை முடி வெட்டக் கூடாது. காட்டில் பெர்ரி பறிக்கக் கூடாது, காளான் பிடுங்கக் கூடாது, அதெல்லாம் லேஷியின் உடைமை. மனைவியோடு சேரக் கூடாது. கோடையில் கரடி ஒரு மாட்டை அடித்தால், மேய்ப்பர் எதை மீறினார் என்றுதான் ஊர் முதலில் கேட்கும்.